ஐந்து கட்டை ஹம்மிங்

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வரும் இரண்டு மூன்று நொடிகளில்தான் அது காதில் விழும். ஸ்பீக்கருக்குள்ளிருந்து ‘உம்ம்’ என்று அடங்கின குரலில் ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் சுருதிப் பெட்டி இருந்தால் 5 கட்டையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்டச் சேரும். 5 கட்டைக்கு சட்ஜம் 98 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 196-லும் வருகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அந்த 50-உம், 100, 200, 400 என்று அதன் இரட்டிப்புகளும் 5 கட்டைக்கு மயிரிழை மேலே நிற்கின்றன. மும்மடங்கான 150 அதற்குப் பஞ்சமம். ஐந்து மடங்கான 250 அந்தர காந்தாரம். தம்பூராவின் ஜீவாளி போல, ஹம்மிங் என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பதும் பல ஸ்வரங்கள் அடுக்கி வந்த ஓசைதான். 60 சுற்று மின்சாரம் ஓடும் அமெரிக்காவில் இதே கோளாறுக்குச் சுருதி வேறு.

இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் இருக்கிறது. வீட்டு ஒலியமைப்பில் வரும் ஒவ்வொரு இரைச்சலுக்கும் தனிக் குரல் உண்டு. அந்தக் குரலைக் கவனித்துக் கேட்டாலே கோளாறு எந்தப் பக்கம் என்பதில் பாதி தெரிந்துவிடும். ஆனால் நடப்பது வேறு. இரைச்சல் கேட்டதும் கேபிளை மாற்றுகிறோம், பிறகு ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறோம், கடைசியில் ஸ்பீக்கரையே மாற்றிவிட்டு அதே ‘உம்ம்’மோடு உட்கார்ந்திருக்கிறோம். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்த விதத்தில்தான் இருந்தது.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்தே வருகிறதா என்பது. ஆம்ப்ளிஃபயரின் மூடிமேல் காதை வைத்தால் ‘ர்ர்’ என்று கேட்கிறதென்றால் அது டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வது. இரும்புத் தகடுகள் காந்தப்புலத்தில் நொடிக்கு 100 முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குகின்றன. திருகாணியை இறுக்கி, அடியில் ரப்பர் வாஷர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். இதற்கும் கேபிளுக்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்பீக்கரில்தான் என்றால் வால்யூம் குமிழைத் திருப்புங்கள். இரைச்சல் கூடிக் குறைகிறதா? அப்படியானால் அது குமிழுக்கு முன்னால், அதாவது உள்ளே வரும் இணைப்புகளில் இருந்து வருகிறது. குமிழ் எங்கே இருந்தாலும் அதே அளவா? அப்படியென்றால் குமிழுக்குப் பின்னால், பவர் பகுதியில். பிறகு செட்டை அணைத்து, உள்ளே வரும் கம்பிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரை மட்டும் போட்டுக் கேளுங்கள். அமைதியாக இருந்தால் அதன்மேல் பழி இல்லை. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகும்போது எதைச் செருகியதும் ‘உம்ம்’ வருகிறதோ அங்கே நில்லுங்கள். காலணா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு மூன்று டெசிபல் அளவிலேயே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 50 ஹெர்ட்ஸ் கேட்க 40 டெசிபலுக்கு மேல் வேண்டும். அதனால் சின்ன ஸ்பீக்கரில் சுத்தமான 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங் இருந்தாலும் நமக்குத் தெரியாது. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மேலடுக்குகள். சப்-ஊஃபர் வாங்கிவைத்த அன்றுதான், அதுவரை ஒளிந்திருந்த அடி ஸ்வரம் வெளியே வந்து பயமுறுத்தும்.

பாளையங்கோட்டையில் என் மனைவியின் தம்பி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புது ஆம்ப்ளிஃபயர், புது ஸ்பீக்கர்கள். போட்ட நாள் முதல் ஹம்மிங். “அத்தான், வாங்கி ஒரு மாசம் ஆகல, இப்பமே இப்படி இரையுது. கடையில திருப்பிக் குடுத்திரட்டா?” என்றான். எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிக் கேட்டோம், நிசப்தம். டி.வி.யிலிருந்து வரும் கம்பியைச் செருகினோம், வந்துவிட்டது. டி.வி.யை அணைத்தோம், அப்போதும் போகவில்லை. பிளக்கையே பிடுங்கினோம், அப்போதும் இருந்தது. மின்சாரமே இல்லாத டி.வி. எப்படி இரையும் என்று அவன் என்னைப் பார்த்தான். நான் செட்-டாப் பாக்ஸின் பின்னால் கைவிட்டு, தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் வயரின் திருகைக் கழற்றினேன். முழுதும் கழன்று வந்த கணத்தில் சுவிட்சை அணைத்தாற்போல் சத்தம் நின்றது. திரும்பத் தொட்டு வைத்தேன், வந்தது. எடுத்தேன், போனது.

எர்த் லூப் என்று சொல்வது இதைத்தான். ஆம்ப்ளிஃபயர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டுப் பின்புறத்து எர்த் குழியோடு சேர்ந்திருக்கிறது. கேபிள் வயரின் வெளிப்பின்னல் தெருத்தெருவாக ஓடி, வழியில் வேறெங்கோ பூமியைத் தொடுகிறது. இரண்டு இடத்துப் பூமியும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மேடு பள்ளம் இருந்தால் தண்ணீர் ஓடுவது மாதிரி, அந்த வித்தியாசத்தால் ஒரு சின்ன மின்னோட்டம் கேபிள் பின்னல், செட்-டாப் பாக்ஸ், டி.வி., ஆடியோ கம்பியின் வெளிப்பின்னல், ஆம்ப்ளிஃபயர் என்று சுற்றிவருகிறது. சாதாரண ஆர்.சி.ஏ. கம்பியில் அந்த வெளிப்பின்னல்தான் பாட்டுக்கும் திரும்பும் வழி. பின்னலும் செருகும் இடமும் சேர்ந்து 0.1 ஓம் தடை, ஓடுவது 1 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 100 மைக்ரோவோல்ட் பாட்டோடு கலக்கும். பாட்டு 300 மில்லிவோல்ட் அளவில் வருகிறது. மூவாயிரத்தில் ஒரு பங்கு அற்பமாகத் தோன்றலாம். அமைதியான இரவில், மேலடுக்குகள் நிறைந்த ஹம்மிங்காக வந்தால் அது கேட்கும்.

மச்சினன் வீட்டில் தீர்வு எளிது. டி.வி.யில் ஆப்டிகல் துளை இருந்தது. செம்புக் கம்பிக்குப் பதில் ஒளி போகும் கம்பி. டோஷிபா நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த இந்த இணைப்பில் உலோகமே கிடையாது என்பதால் லூப் அங்கேயே அறுந்துவிடுகிறது. ஆப்டிகல் இல்லாதவர்கள் கேபிள் வயர் நுழையும் இடத்தில் ஐசோலேட்டர் என்ற சிறு குழலைப் போடலாம். ஆடியோ கம்பியின் நடுவே வைக்கும் 1:1 டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. மலிவானதில் ஹம்மிங்கோடு கடமும் தவிலும் சேர்ந்து மெலிந்துவிடும், சின்ன இரும்புக் கருவால் அடி ஸ்வரங்களைத் தாங்க முடியாது. லூப் வருவதைத் தவிர்க்க எல்லாவற்றுக்கும் முந்தைய வழி, டி.வி., ஆம்ப்ளிஃபயர், பிளேயர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது. ஹாலில் ஒரு பிளக்கும் பக்கத்து அறையில் ஒரு பிளக்கும் என்று பிரித்தால் எர்த் வயரும் அவ்வளவு தூரம் பிரிகிறது.

இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஹம்மிங் போக ஊரெல்லாம் சொல்லும் கைவைத்தியம், பிளக்கின் பெரிய பின்னை ஒடித்துவிடுவது, அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகுவது. சத்தம் போகும், பொய்யில்லை. ஆனால் உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து பெட்டியைத் தொட்ட நாளில், ஃபியூஸ் போவதற்குப் பதில் 230 வோல்ட் குமிழைத் தொடும் கைக்கு வரும். எர்த் பின்னை மற்ற இரண்டையும்விட நீளமாகச் செய்திருப்பது, அது முதலில் தொட்டுக் கடைசியில் விடவேண்டும் என்பதற்காக. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். பாட்டின் சுத்தத்துக்காக அந்தப் பாதுகாப்பை விற்கக் கூடாது. சுவிட்ச் போர்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கி வைப்பது இன்னொரு பழக்கம். அதில் ஆபத்தும் உண்டு, ஹம்மிங்கும் உண்டு. நியூட்ரலில் ஓடும் ஃபிரிட்ஜின் மின்னோட்டமெல்லாம் எர்த்தையும் அசைக்கிறது.

எர்த் குழியையே மறந்துவிட்ட வீடுகளும் ஏராளம். கரியும் உப்பும் அடுக்கி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய பழக்கம் நின்றுபோன வீட்டில் மண் காய்ந்து எர்த் பெயருக்கு மட்டும் இருக்கும். செட்டின் உலோகத்தில் கை பட்டால் சுருக்கென்று லேசாக உணர்ந்தால் அதுதான் அடையாளம். லேப்டாப் சார்ஜரிலும் இதே சுருக். அவற்றின் உள்ளே இரைச்சலை வடிக்க வைத்த கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாவிட்டால் ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தைப் பெட்டிமேல் மிதக்க விடுகின்றன. ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது, ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆடியோ கம்பிக்கு அது போதும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நின்றால் திருடன் யார் என்று தெரிந்துவிடும்.

இந்தச் சிக்கலை உலகம் முறையாகப் புரிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று. நீல் மன்சி என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் 1995-ல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரை ஒரு திருப்பம். கம்பியின் வெளிப்பின்னலைப் பெட்டியின் உலோகத்தில் நேராக இணைக்காமல், உள்ளே சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் கொண்டுபோய் விடுகிறார்களே, அதுதான் பாதி ஹம்மிங்குக்குக் காரணம் என்று அவர் காட்டினார். தொழிற்சாலை தன் செட்டுக்குள் செய்த தவறை, வாங்கியவர் வீட்டு வயரிங்மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாண்டு கழித்து 2005-ல் அந்தச் சங்கமே இணைப்புகளை எப்படி கிரவுண்ட் செய்வது என்று ஒரு தரவிதி வெளியிட்டது. மேடைக் கச்சேரிக் கருவிகளில் மூன்று கம்பி பேலன்ஸ்டு இணைப்பு இருப்பதால் நூறு அடி கேபிளும் இரைவதில்லை. பாட்டு இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசமாகப் போகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி ஏறிய ஹம்மிங் கழிந்துவிடுகிறது. வீட்டுக் கருவிகளில் விலை கருதி இதை விட்டுவிட்டார்கள்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு பெட்டி: அசெம்பிள் செட். சென்னை ரிட்சி தெருவிலும் மதுரை, கோவைக் கடைகளிலும் 4440 ஐ.சி. போர்டு, 2030 போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, தகரப் பெட்டியில் பூட்டிய ஆம்ப்ளிஃபயர்கள் எத்தனை வீட்டில் பாடியிருக்கின்றன! எனக்கு இவற்றின்மேல் மரியாதை உண்டு. ஆனால் இவற்றின் ஹம்மிங்குக்கு எர்த் லூப்பை வெளியே தேடக் கூடாது, அது உள்ளேயே கட்டப்பட்டிருக்கும்.

எனக்குத் தொழில் பழக்கிய ரேடியோ மெக்கானிக் அண்ணன் முதலில் செய்வது, வால்யூம் குமிழின் உலோகத் தண்டைத் தொடுவது. தொட்டதும் ஹம்மிங் அடங்கினால், “தம்பி, வால்யூம் கன்ட்ரோல் பாடிக்கு கிரவுண்ட் குடுக்கல பாரு” என்பார். ஒரு துண்டு வயர் பற்றவைத்தால் வேலை முடிந்தது. அடங்கவில்லையென்றால் கிரவுண்ட் வயர்கள் போகும் வழியைப் பார்ப்பார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரம் டயோடுகள் வழியாக 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குள் சீராகப் போவதில்லை. நொடிக்கு 100 முறை, குறுகிய நேரத்தில், சராசரியைப்போலப் பல மடங்கு வேகத்தில் குத்திக் குத்திப் பாய்கிறது. அந்தக் குத்து ஓடும் வயரிலேயே இன்புட்டின் கிரவுண்டையும் பற்றவைத்திருந்தால் ஒவ்வொரு குத்தும் பாட்டில் ஏறும். கெப்பாசிட்டருக்கு அப்பால் ஒரே புள்ளி வைத்து, ஸ்பீக்கரின் கிரவுண்ட், போர்டின் கிரவுண்ட், இன்புட்டின் கிரவுண்ட் மூன்றையும் தனித்தனி வயராக அங்கே கொண்டுவர வேண்டும்.

ஒருமுறை எல்லாம் சரியாக இருந்தும் ஹம்மிங் நிற்கவில்லை. அண்ணன் பிளக்கைப் பிடுங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, அதைக் கால் வட்டம் திருப்பி வைத்தார். திரும்பப் போட்டால் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலத்துக்குத் திசை உண்டு. இன்புட் வயரின் வளையத்துக்கு அது நேராக இல்லாமல் குறுக்காக நின்றால் ஏறுவது குறையும். பார்ப்பவருக்கு மந்திரம் போலிருக்கும்.

யூ.எஸ்.பி., ப்ளூடூத் போர்டுகள் வந்தபின் புதிதாக ஒரு ‘வீஈ’ சேர்ந்திருக்கிறது. 5 கட்டையில் சேராது, பாட்டு மாற்றும்போது குரலும் மாறும். போர்டில் ஓடும் டிஜிட்டல் மின்னோட்டம், ஆம்ப்ளிஃபயரோடு பகிர்ந்துகொண்ட கிரவுண்டில் விடும் தடம் அது. போர்டுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்தால் போகும். அந்த சப்ளை டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றிலிருந்தோ ஐசோலேட்டட் கன்வெர்ட்டரிலிருந்தோ வர வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு கேட்பவர்கள் மவுஸை அசைக்கும்போது கேட்கும் கீச்சொலியும் இதே இனம்.

பழைய செட்டில் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வரும் 100 ஹெர்ட்ஸ் ‘ர்ர்ர்’ என்றால் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள், செட்-டாப் பாக்ஸைத் தலையில் சுமந்து நிற்கும் ஆம்ப்ளிஃபயரின் கெப்பாசிட்டரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மாற்றப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.

இசைத்தட்டு கேட்பவர்களின் துன்பம் தனி. சாதாரண ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை 100 மடங்கு பெருக்க வேண்டும். அதோடு, தட்டில் குறைத்துப் பதித்த அடி ஸ்வரங்களை ஈடுகட்ட 50 ஹெர்ட்ஸை இன்னும் 7 மடங்கு தூக்குகிறது ஃபோனோ சர்க்யூட். ஹம்மிங்கின் வீடே அந்த 50 ஹெர்ட்ஸ். டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய கிரவுண்ட் வயரை ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்ட மறந்தால் வீடே அதிரும். மாட்டியும் இரைந்தால், ஊசி தட்டின் நடுவை நோக்கி நகர நகர ஹம்மிங் கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் அடியில் இருக்கும் மோட்டாரின் காந்தம் காரணம், வயர் இல்லை.

காற்று வழி வருவதும் உண்டு. ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் மின்சாரத்தை வெட்டித் திறக்கிறது. 2, 3-ல் வைத்தால் கூர்மையான ‘ஜ்ஜ்’, 5-ல் வைத்தால் குறையும். கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றினால் தொல்லையே இல்லை. மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த 2012 வாக்கில் வீடுதோறும் வந்த இன்வெர்ட்டர்களில் ஸ்கொயர் வேவ் வகை, கரண்ட் போனதும் ஃபேனோடு சேர்த்து ஆம்ப்ளிஃபயரையும் முனகவைக்கும். அதற்கு சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்றே மருந்து. செல்போனில் அழைப்பு வருமுன் ஸ்பீக்கர் ‘டிக்டிடிக் டிக்டிடிக்’ என்று அடித்துக்கொண்டதே, அது 2ஜி போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பியதன் தடம். போனைத் தள்ளி வைத்தால் போதும்.

கரகரப்பு முற்றிலும் வேறு ஜாதி. குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே கரித்தடத்தில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்பினால் சரியாகும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஆர்.சி.ஏ. முனைகளைப் பச்சை பூக்க வைக்கும், கழற்றித் துடைத்துச் செருகினாலே பல செட் பிழைக்கும். பாஸ் வரும்போது மட்டும் ‘டர்ர்’ என்றால் ஸ்பீக்கரின் விளிம்பு ஃபோம் ஈரக் காற்றில் பொடிந்திருக்கலாம். அதற்கு முன் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களை ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள்.

‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலுக்குப் பாதிக் காரணம் நாமேதான். போனில் சத்தத்தைக் கால்வாசி வைத்து, ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினால் பாட்டோடு எல்லா இரைச்சலும் பெருகும். போனில் முக்காலுக்கு மேல் வைத்து ஆம்ப்ளிஃபயரைக் குறையுங்கள். கேசட் காலத்தில் இந்த ‘ஸ்ஸ்’தான் பெரும்பகை. 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக இந்தியாவில் இருந்துவிட்டு லண்டன் போய் நிறுவனம் தொடங்கிய ரே டால்பி, 1968-ல் வீட்டுக் கருவிகளுக்காகக் கொண்டுவந்த டால்பி பி அதை 10 டெசிபல் அளவுக்குக் குறைத்தது. பதிவில் மெல்லிய உச்ச ஒலிகளைத் தூக்கி வைத்து, கேட்கும்போது அதே அளவு இறக்குவது அதன் உத்தி. டால்பியில் பதியாத கேசட்டுக்கும் டால்பி பட்டனை அழுத்தினோம், ஜால்ராவின் கூர்மை போய்விட்டது.

கடையில் விற்கும் மருந்துகளைப் பற்றி என் தீர்ப்பு: பல ஆயிரம் ரூபாய் பவர் கேபிள்கள் எர்த் லூப்பைத் தொடுவதில்லை. தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பல நூறு அடி அலுமினியக் கம்பியில் வந்த மின்சாரத்தை, கடைசி ஐந்தடி வயர் திருத்த முடியாது. ஃபெரைட் வளையம் ரேடியோ அலைக்கு உதவும், 50 ஹெர்ட்ஸுக்கு உதவாது. அந்தப் பணத்தில் நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் ஆப்டிகல் கம்பியைச் செருகி முடித்ததும் மச்சினன் ட்வீட்டரோடு காதை ஒட்டிவைத்தான். “அத்தான், இன்னும் ‘ஸ்’ஸுன்னு லேசா கேக்கத்தான் செய்யுது.” அது போகாது என்றேன். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் என்பவர் அளந்து 1928-ல் வெளியிட்டது அது. எந்த ரெசிஸ்டரும் அறை வெப்பத்தில் தானாகவே இரைகிறது. 10,000 ஓம் என்றால் நாம் கேட்கும் ஒலி எல்லைக்குள் சுமார் 1.8 மைக்ரோவோல்ட், பாட்டில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சோபாவில் போய் உட்கார்ந்தான், கேட்கவில்லை.

காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாகஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டான். உடனே முகம் மாறியது, நாகஸ்வரத்துக்குப் பின்னால் மழை மாதிரி ஓர் இரைச்சல். பாட்டை நிறுத்திவைக்கும் பட்டனை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான், அறை முழுதும் அமைதியாயிற்று. அந்த இரைச்சல் டேப்பில் இருந்தது. அவன் திரும்ப அழுத்த, மழையும் நாகஸ்வரமும் சேர்ந்தே வந்தன.